இரண்டு மணிகள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் உரையாற்ற வேண்டுமென்று கேட்டபோது, ‘சங்க இலக்கியத்தில் தேரும் புரவியும்’ என்று தலைப்புச் சொல்லியிருந்தேன். அழைப்பிதழிலும் அவ்வாறே அச்சாகியிருக்கிறது. அத்தலைப்பில் நான் பல மேடைகளில் பேசியதுண்டு. குறிப்புகளும் ஆயத்தமாகவே இருந்தன. ஆனால் கடந்த ஈராண்டுகளில் எங்கள் ஊரில் நடந்த ஒரு செய்தி அக்குறிப்புகளை ஓரமாக வைக்கச் செய்துவிட்டது. தேரும் புரவியும் இன்றைய உரையிலும் வரும். ஆயினும் அவை வரும் வழி வேறு.

ஊரும் ஓசையும்

கோவைக்குத் தெற்கே, பாலக்காட்டுக் கணவாயின் காற்று நேராக வந்து மோதும் மேட்டு நிலத்தில் இருக்கிறது எங்கள் ஊர். சோளமும் கொள்ளும் விளையும் மானாவாரிக் காடுகள். இடையிடையே கிணற்றுப் பாசனத் தோட்டங்கள். தோட்டத்துக்கு ஒன்றாகச் சாளைகள். எந்த வீட்டுக் கன்று கத்துகிறது, எந்த வீட்டு மோட்டார் ஓடுகிறது என்று ஓசையைக் கொண்டே சொல்லிவிடக்கூடிய ஊர்.

விரைவு வண்டிகள் எங்கள் வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. பந்தயக் கார்களை இங்கேயே வடிவமைத்துக் கட்டிய கரிவரதன் கோவைக்காரர். 1995இல் விமான விபத்தில் மறைந்த அவர் பெயரால் செட்டிபாளையத்தில் 2003இல் ஓர் ஓடுதளம் திறக்கப்பட்டது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இவ்வூர்ப் பிள்ளைதான். சென்னைப் பக்கம் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பின்னர் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுதளமே அமைந்தது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் இரவுப் பந்தயமே நடந்தது. இவற்றையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டு இளைஞர்கள் பொறியோடு பழகிய பழக்கத்தின் வரலாறு இது.

நான் சொல்ல வந்தது நிலையான ஓடுதளங்களைப் பற்றியதும் அன்று. அறுவடை முடிந்த காட்டைக் குத்தகைக்கு எடுத்து, மண்ணை மேடும் பள்ளமுமாகக் குவித்து, இரண்டு நாள் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்திவிட்டுப் போய்விடும் தற்காலிகக் களங்கள் உண்டல்லவா? அத்தகைய களம் ஒன்று மாசி மாதத்துச் சனி ஞாயிறுகளில் எங்கள் ஊர் எல்லையில் அமைந்தது. நடத்தியவர்கள் யார் என்பது இங்கு வேண்டாத செய்தி. முதல்நாள் மாலை வரையில் ஊரில் பாதிப்பேருக்குப் பந்தயம் என்பதே தெரியாது என்பதுதான் வேண்டிய செய்தி.

களத்திலிருந்து இரண்டு காடு தள்ளி ஒரு பெரியவரின் சாளை. அவரிடம் ஒரு மட்டக்குதிரை இருந்தது. பெட்டை. தீவனம் ஏற்றிய சிறுவண்டியை இழுக்கும். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் கோவில் திருவிழாவுக்கும் அலங்கரித்து அழைத்துப் போவார். சனிக்கிழமை இரவு விளக்கொளியில் இறுதிச் சுற்றுகள் நடந்தன. புகைக்குழாயின் ஒலியடக்கியைக் கழற்றிவிட்ட இருபது முப்பது வண்டிகள் ஒரே நேரத்தில் கிளம்பின. கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு ஓடிய அக்குதிரை தோட்டத்து முள்கம்பி வேலியில் பாய்ந்தது. முன்னங்காலின் தோல் முழங்கால் வரையில் கிழிந்து தொங்கியது.

மறுநாள் காலை நான் போய்ப் பார்த்தபோது மருத்துவர் தையல் போட்டுவிட்டுப் போயிருந்தார். பெரியவர் அதன் கழுத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். “அம்மணி, சாயங்காலத்திலிருந்தே ரெண்டு காதையும் மாத்தி மாத்தித் திருப்பிக்கிட்டே இருந்துச்சுங்க. எங்கிருந்து வருதுன்னு அதுக்குத் தெரியலைங்க. எனக்குத் தெரிஞ்சுது, அதுகிட்டச் சொல்லத் தெரியலை” என்றார்.

அந்தக் கடைசித் தொடரை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு.

குதிரையின் செவி

பெரியவர் சொன்னதில் அறிவியல் பிழை எதுவும் இல்லை என்பதைப் பின்னர்ப் படித்துத் தெரிந்துகொண்டேன். மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்சு வரையுள்ள ஒலியைக் கேட்கும். குதிரையின் செவி ஏறத்தாழ 55 முதல் 33,500 ஹெர்ட்சு வரை செல்லும். நமக்குக் கேளாத உச்சக் கீச்சொலியும் அதற்குக் கேட்கும். காதுகளைத் தனித்தனியே அரைவட்டம் அளவுக்குத் திருப்பவும் முடியும். ஆனால் ஓசை பிறக்கும் இடத்தைத் துல்லியமாக உணர்வதில் அது மனிதனைவிடப் பின்தங்கியது. ஓசை உண்டென்பதை நமக்கு முன்பே அறியும். எங்கே என்பதை நம்மளவுக்கு அறியாது. புல்வெளியில் பிற விலங்குக்கு இரையாக வாழ்ந்த உயிருக்கு அவ்வளவே போதும். ஐயம் வந்தால் ஓடிவிட வேண்டும் என்பதே அதன் உடம்பில் எழுதப்பட்ட பாடம். கட்டுத்தறியும் வேலியும் அப்பாடத்தில் இல்லை.

“பழகிவிடும்” என்று பலரும் ஆறுதல் சொன்னார்கள். குதிரை பழகும் என்பது உண்மைதான். போர்க்களத்துக்கும் காவல்துறைக்கும் குதிரைகளைப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் பழக்கம் என்பது தொலைவில் மெல்லிய ஓசையில் தொடங்கி, தீனி கொடுத்து, தட்டிக் கொடுத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக உண்டாக்கப்படுவது. ஆண்டுக்கு இரண்டு நாள் முன்னறிவிப்பின்றி இடிபோல வந்திறங்கும் ஓசைக்கு எந்த உயிரும் பழகுவதில்லை. ஒருமுறை அஞ்சிய உயிர் அடுத்தமுறை இன்னும் விரைவில் அஞ்சும்.

இன்னொன்றும் உண்டு. களத்துக்கும் ஊருக்கும் உள்ள தொலைவைக் காட்டி, “அவ்வளவு தூரம் கேட்காது” என்றார்கள். திறந்த வெளியில் ஓரிடத்துப் பிறக்கும் ஒலி, தொலைவு இருமடங்காகும்போது ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பது பொதுவிதி. ஒரே அளவு ஒலியெழுப்பும் வண்டிகள் ஒன்றுக்குப் பத்தாகும்போது 10 டெசிபல் கூடும் என்பதும் விதி. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றும். இவற்றோடு இரவும் சேர்கிறது. பகலில் தரை சூடாக இருக்கையில் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது. தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்றுக் குளிர்ந்து, மேற்காற்று வெதுவெதுப்பாக இருக்கையில், அதே ஒலி கீழ்நோக்கி வளைந்து தரையோடு தவழ்ந்து நெடுந்தொலைவு போகிறது. மாசி இரவு அத்தகைய இரவு. நெய்தல் நிலத்துத் தலைவியர் இரவில் வரும் தேரின் மணியொலியைத் தொலைவிலிருந்தே கேட்டார்கள் என்று படிக்கும்போது காதலின் கூர்மை என்று பாடம் நடத்துவோம். காற்றின் குளிர்ச்சியும் அவர்களுக்கு உதவியிருக்கும்!

எழுத வராத மனு

ஊர்க்காரர்கள் கூடி மாவட்ட நிருவாகத்துக்கு மனுக் கொடுக்க முடிவு செய்தார்கள். தமிழாசிரியை ஒருத்தி ஊரில் இருக்க வேறு யார் எழுதுவது? என்னிடம் வந்தார்கள். முனைவர் பட்டத்துக்கு நானூறு பக்கம் எழுதிய கை, ஒரு பக்க மனுவை எழுத இரண்டு இரவுகள் தடுமாறியது.

ஒலிக்கு நம் நிகண்டுகள் சொற்களைக் குவித்து வைத்திருக்கின்றன. அரவம், ஆர்ப்பு, கம்பலை, கலி, கௌவை, சும்மை, பூசல் என்று அடுக்கலாம். விழாவின் ஆரவாரத்துக்கு ஒரு சொல், போரின் முழக்கத்துக்கு ஒரு சொல், ஊர்வாயின் பழிச்சொல்லுக்கு ஒரு சொல். மனுவில் இவற்றுள் ஒன்றும் பொருந்தவில்லை. ‘இரைச்சல்’ என்று எழுதினால் சந்தையை நினைப்பார்கள். ‘இடையூறு’ என்று எழுதினால் வாசலில் வண்டி நிறுத்திய வழக்குப்போலத் தோன்றும். மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவர் எண்ணைக் கேட்பார் என்று சொன்னார்கள். ஆகவே விதியைப் படித்தேன்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் நாட்டின் நிலத்தை நான்காகப் பகுக்கின்றன: தொழிற்பகுதி, வணிகப்பகுதி, குடியிருப்புப்பகுதி, அமைதிப்பகுதி. குடியிருப்புக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. வரம்புக்கு மேல் 10 டெசிபலோ அதற்கும் மிகுதியாகவோ ஒலித்தால் முறையிடலாம். நல்ல விதிகள், நகரத்தில் பல பேருக்குத் துணை நின்ற விதிகள். ஆனால் நிலத்தை ஐந்தாகப் பகுத்துப் பழகிய என் கண் இந்த நான்கிலும் எங்கள் ஊரைத் தேடியது. காட்டையும் மேய்ச்சலையும் தொழுவத்தையும் எதில் வைப்பது?

அளவு முறையும் என்னை நிறுத்தியது. வரம்பு என்பது ஒரு நேர அளவுக்குள் எழுந்த ஒலியின் சராசரி. அளக்கும் கருவியோ மனிதச் செவியின் இயல்புக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. மனிதன் நன்றாகக் கேட்கும் ஒலிக்கு மிகுதியாகவும் மற்றவற்றுக்குக் குறைவாகவும் மதிப்பெண் போடும். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. விதி மனிதருக்காக எழுதப்பட்டது. ஆயினும் குதிரை சராசரியைக் கேட்பதில்லை. இருபது நிமிட அமைதிக்குப் பின் முப்பது வண்டி கிளம்பும் அந்த ஒரு கணத்தைத்தான் அது கேட்கிறது. அந்தக் கணம் எண்ணுக்குள் அகப்படவில்லை. என் சொல்லுக்குள்ளும் அகப்படவில்லை.

இறுதியில் பெரியவர் சொன்னதையே எழுதினேன். ‘மாலை முதல் இரண்டு காதுகளையும் மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டே இருந்தது’ என்று மனுவில் எழுதியிருந்தேன். அந்தத் தொடரைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்த அலுவலர், “குதிரை இப்ப எப்படி இருக்குங்க?” என்று கேட்டார். நானூறு பக்கத்தில் என்னால் செய்ய முடியாததை ஒரு தொடர் செய்தது. அது என்னுடைய தொடரும் அன்று.

பிறநாட்டு வழக்குகள்

இவ்வாறு வேறெங்கும் நடந்ததுண்டா என்று தேடியபோது இங்கிலாந்து வழக்குகள் இரண்டு கிடைத்தன. கவிஞர்களுக்குச் சட்டம் சலிப்புத் தரும் என்பதறிவேன், சுருக்கமாகச் சொல்கிறேன்.

வட யார்க்‌ஷயரில் குராஃப்ட் என்னுமிடத்தில், நம் சோழவரத்தைப் போலவே போர்க்கால விமான தளம் ஒன்று பந்தயக் களமாயிற்று. அருகில் வாழ்ந்தவர்கள் வழக்காடினர். 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் களத்தை மூடச் சொல்லவில்லை. வரம்பு மீறிய ஓசை ஆண்டுக்கு 40 நாளுக்கு மேற்படலாகாது என்று நாளை எண்ணிக் கொடுத்தது.

சஃபோக்கில் மில்டன்ஹால் அருகே உள்ள களத்தில் 1970களிலிருந்து மோட்டார் பந்தயங்கள் நடந்துவந்தன. களத்தின் பின்புறத்து மண்பாதையிலிருந்து ஏறத்தாழ 860 மீட்டர் தொலைவிலிருந்த ஒரு வீட்டை இருவர் 2006இல் வாங்கிக் குடியேறினர். ஓசை தாங்காமல் வழக்குத் தொடுத்தனர். “நாங்கள் முன்பே இருக்கிறோம், நீங்கள்தாம் பின்னால் வந்தீர்கள்” என்பது களத்தாரின் வாதங்களுள் ஒன்று. “எங்களிடம் அரசின் திட்ட அனுமதி இருக்கிறது” என்பது மற்றொன்று. விசாரணை நீதிமன்றம் வீட்டாருக்குச் சார்பாகவும், மேல்முறையீட்டு நீதிமன்றம் களத்தாருக்குச் சார்பாகவும் தீர்ப்பளிக்க, 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் வீட்டாருக்கே தீர்ப்பளித்தது. வீட்டை வீடாகவே பயன்படுத்துகிறவர் பின்னால் வந்தவர் என்பதனால் அவருடைய உரிமை போய்விடாது. திட்ட அனுமதி ஒன்றே அயலாரைத் துன்புறுத்தும் உரிமையைத் தந்துவிடாது என்பன அத்தீர்ப்பின் சாரம். ஆனால் எல்லா வழக்கிலும் தடையாணையே பிறக்க வேண்டும் என்பதில்லை, இழப்பீடும் உரிய தீர்வாகலாம் என்றும் அது சொன்னது. ஊரார் மகிழும் விளையாட்டின் நன்மையும் தட்டில் வைக்கப்பட வேண்டும் என்பது இதன் கருத்து.

இரண்டு தீர்ப்பிலும் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு. யாரும் யாரையும் ஊரைவிட்டுத் துரத்தவில்லை. எத்தனை நாள், எவ்வளவு ஓசை என்பதே கேள்வி. சேர்ந்து வாழ்வதற்கு அளவு வேண்டும். அந்த அளவை முதலில் தேட வேண்டியவர் ஓசையை எழுப்புகிறவர்.

மணியின் நா

இந்தக் கருத்தை இங்கிலாந்துக்குப் போய்த்தான் கற்க வேண்டுமா என்ற வினா உங்களுக்கு எழுந்திருக்கும். எனக்கும் எழுந்தது, எழுந்தபோது வெட்கமாகவும் இருந்தது.

அகநானூற்றின் நான்காம் பாட்டு. குறுங்குடி மருதனார் பாடிய முல்லைப் பாட்டு. கார்காலத்தில் திரும்பி வருவேன் என்று சொல்லிப் பிரிந்தவன் வருகிறான் என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். அவன் விரைந்து வருகிறான். பிடரி கொய்த புரவிகள் பூட்டிய தேரில் வருகிறான். வழியெங்கும் பூத்த சோலைகள். அவற்றில் துணையோடு தங்கித் தேனுண்ணும் வண்டுகள் தேர்மணியின் ஓசையால் கலங்கிவிடுமே என்றஞ்சி, மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். வகுப்பில் நாம் ஆண்டுதோறும் நடத்தும் பாட்டு இது.

இப்பாட்டை உயிரிரக்கத்துக்குச் சான்றாகக் காட்டுவோம். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை அடுத்த மூச்சில் சொல்லி முடிப்போம். நான் இப்போது கவனிப்பது வேறு. இத்தலைவன் வேகத்தைக் குறைக்கவில்லை. காதலியைக் காண ஓடி வருகிறவன் எப்படிக் குறைப்பான்? தேரை விட்டு இறங்கி நடக்கவும் இல்லை. ஓசையை முற்றிலும் ஒழித்தவனும் அல்லன். இழுத்துப் பிடித்த வாரின் ஒலிக்கு யாழ்நரம்பின் ஒலியைப் புலவர் உவமை சொல்கிறார். எந்த ஓசை அயல் உயிரைக் கலக்குமோ அந்த ஓசையை மட்டும் தேர்ந்து கட்டினான். வேகம் வேறு, ஓசை வேறு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வண்டுகள் வந்து முறையிடவில்லை. மனு எழுதித் தர அவற்றுக்குத் தமிழாசிரியை இல்லை. தேரில் இருந்தவனே முன்னதாக நினைத்துப் பார்த்தான்.

நம் மரபில் இன்னொரு மணி உண்டு. அதுவும் தேரோடு தொடர்புடையது. திருவாரூர்த் தெருவில் அரசிளங்குமரனின் தேர்க்காலில் கன்று அகப்பட்டு மடிய, தாய்ப்பசு அரண்மனை வாயிலின் ஆராய்ச்சி மணியை அசைத்தது. கண்ணகி பாண்டியன் அவையில் இவ்வரலாற்றைச் சொல்கிறாள், சேக்கிழார் விரித்துரைக்கிறார், இலங்கையின் மகாவம்சமும் எல்லாளன் கதையாக இதையே சொல்கிறது. அந்த மணி நீதியின் மணி, பெருமைக்குரியதுதான். ஆனால் அது ஒலிக்கும்போது கன்று இறந்துபோயிருக்கிறது. மன்னன் எவ்வளவு நேர்மையானவனாக இருந்தாலும் அந்த மணி கேட்பது பின்னர்தான்.

முதல் மணி கட்டப்பட்டிருந்தால் இரண்டாம் மணி ஒலிக்கத் தேவையில்லை. நான் எழுதிய மனு இரண்டாம் மணி. அதை அசைத்ததற்காக எனக்கு ஊரில் நல்ல பெயர். ஆனால் முதல் மணியைக் கட்டச் சொல்லிக் கொடுக்க வேண்டியவளும் நான்தானே? அதை நான் செய்தேனா?

இரண்டு மதிப்பெண்

செய்தேனா இல்லையா என்பதற்கு விடை தானாகவே என் வீட்டுக்கு வந்தது. மனுக் கொடுத்த ஒரு கிழமையில் ஓர் இளைஞன் வாசலில் வந்து நின்றான். எங்கள் கல்லூரியில் இளங்கலையில் என்னிடம் தமிழ் படித்தவன். இப்போது இருசக்கர வண்டிப் பட்டறை வைத்திருக்கிறான். அன்றிரவு ஓடியவர்களுள் அவனும் ஒருவன்.

“அம்மா, நீங்கதான் மனு எழுதுனீங்கன்னு சொன்னாங்க. எங்க பொழப்பே அதுதாங்கம்மா. ஆறு மாசம் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து அந்த வண்டிய நான் கட்டுனேன்” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. குதிரை அடிபட்டது அவனுக்குத் தெரியாது. சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தான். ஒலியடக்கியைக் கழற்றினால் வேகம் கூடுமா என்று கேட்டேன். “கொஞ்சம் கூடுங்கம்மா. ஆனா சத்தம்தான் ரொம்பக் கூடும். சத்தம் இல்லீன்னா ஓட்டுற மாதிரியே இருக்காதுங்க” என்றான்.

நான் அகநானூற்றுப் பாட்டை எடுத்தேன். தொடங்குமுன்பே, “மணி நாவைக் கட்டுவாருங்களே, அதுதானுங்கம்மா? ரெண்டு மார்க் கேள்வி. நான் எழுதியிருக்கேன், ரெண்டு மார்க்கும் போட்டீங்க” என்றான்.

அவையோரே, இருபது ஆண்டு ஆசிரியப் பணியில் அவ்வளவு கூர்மையாக யாரும் என்னைத் தண்டித்ததில்லை. ‘தலைவன் தேர்மணியின் நாவைக் கட்டியது ஏன்?’ வினாவும் சரி. அவன் விடையும் சரி. நான் போட்ட மதிப்பெண்ணும் சரி. அவன் கையிலிருந்த வண்டிக்கும் அந்தத் தேருக்கும் உறவுண்டென்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்ல எனக்கே தோன்றியதில்லை. குதிரை முள்கம்பியில் பாய்ந்த பிறகுதான் எனக்கும் தோன்றியது.

அடுத்த ஆண்டு பந்தயம் நடந்தது. நடக்க வேண்டாமென்று நாங்கள் கேட்கவில்லை. நடத்துகிறவர்களும் ஊராரும் கோவில் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். நாளைப் பதினைந்து நாள் முன்னதாக வீடுவீடாகச் சொல்வது. பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுவது. ஒலியடக்கி இல்லாத வண்டியைக் களத்தில் விடாமல் இருப்பது. கிளம்பும் முனையைத் தொழுவங்களுக்கு எதிர்ப்புறமாக மாற்றிக்கொள்வது. நண்பகலில் இரண்டு மணி நேரம் ஓய்வு விடுவது. எங்கள் பக்கமும் செய்ய வேண்டியவை இருந்தன. கன்றுகாலிகளை அந்த இரண்டு நாளும் முள்கம்பிக்கு அருகில் கட்டாமல், முன்னதாகவே தொழுவத்துக்குள் கொண்டுபோய், துணைக்கு மற்றொரு மாட்டையோ ஆட்டையோ அருகில் நிறுத்தி, நிறையத் தீவனம் போட்டு, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருப்பது என்று ஒப்புக்கொண்டோம். நாளைச் சொல்வதற்கு வீடுவீடாக வந்தவன் என் மாணவன். அவ்வாண்டும் ஓசை இருந்தது, ஊர் உறங்கியது.

ஆனால் அந்தக் குதிரை அப்போது ஊரில் இல்லை. காலின் புண் ஆறிவிட்டது. களம் இருந்த காட்டு வளைவில் மட்டும் அது கால் வைக்க மறுத்தது. வண்டியோடு நின்றுவிடும், காதுகள் திரும்பும், பின்வாங்கும். கடைக்குப் போகவும் கோவிலுக்குப் போகவும் அவ்வளைவைத் தவிர வேறு வழி இல்லை. ஆடியில் அந்தியூர்க் குருநாதசாமி கோவில் திருவிழாச் சந்தைக்குக் கொண்டுபோய்ப் பெரியவர் விற்றுவிட்டு வந்தார். விலை கிடைத்ததா என்று கேட்டேன். “வாங்குனவரு ஊரு அமைதியான ஊருங்களாம் அம்மணி” என்றார். விலையைச் சொல்லவில்லை.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள்

இது கவிஞர்கள் நிறைந்த அவை. பத்தாண்டுகளாக மாதந்தோறும் இங்கே கூடிக் கவிதை படிக்கிறீர்கள். மேடையில் நாம் சங்கநாதம் என்கிறோம், முழக்கம் என்கிறோம், இடியோசை என்கிறோம். ஓசையை உயர்த்துவதே கவிதைக்கு வீரம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். குறுங்குடி மருதனார் ஓசை அடங்கிய ஒரு தேரைப் பாடினார். அது இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது.

வேகத்தைப் பாடுங்கள். பட்டறையில் இரவெல்லாம் விழித்து வண்டி கட்டும் பிள்ளைகளைப் பாடுங்கள். அவர்களைப் பாடத் தமிழில் ஆளில்லை. அவர்கள் எண்ணெய்க் கை படாத கவிதையைப் புதுக்கவிதை என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பாடும்போது, இரண்டு காடு தள்ளி நிற்கும் உயிரின் செவியையும் சேர்த்துப் பாடுங்கள். விதி நூலில் அதற்கு இடமில்லை. கருவியின் முள் அதைக் காட்டாது. சொல் ஒன்றுதான் அதை மேசைக்கு அந்தப்பக்கம் கொண்டுசேர்க்கும் என்பதை நான் கண்ணால் கண்டேன். எனக்கு அகப்படாத அந்தச் சொல் உங்களில் ஒருவருக்கு அகப்படலாம்.

ஆசிரியர்களாக இருப்போரிடம் ஒன்று சொல்வேன். அந்த இரண்டு மதிப்பெண் வினாவை இவ்வாண்டும் நான் கேட்டேன். ஆனால் விடைத்தாள் திருத்தும் முன், மாணவர்களை வாசலுக்கு அழைத்துப் போய், அவரவர் வண்டியை ஒருமுறை கிளப்பிக் காதால் கேட்கச் சொன்னேன். சிரித்தார்கள். இரண்டு பேர் சிரிக்கவில்லை. அது போதும் என்று வகுப்புக்குத் திரும்பினேன்.